மயோர்க்காவில் பிடிபட்ட அக்கா

போன மாதம் என் அக்கா கடலில் இறங்கினார்.

இதில் என்ன செய்தி இருக்கிறது என்று கேட்பீர்கள். மத்தியதரைக் கடல், மயோர்க்கா தீவு, நல்ல வெயில்... அங்கே போய் இறங்காமல் வேறு என்ன செய்வது? சரிதான். ஆனால், அத்தான் இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆண்டுத்திவசம் முடியும்வரை நிறமான உடுப்பு இல்லை, கல்யாண வீடு இல்லை, புகைப்படத்துக்கு நிற்பது இல்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சுவாமியார்கூட இப்படியெல்லாம் இருக்கச் சொல்வதில்லை. ஆனாலும் றெஜினா அக்கா, நோர்வேயில் ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில், தன் வீட்டில் இதை அச்சொட்டாகக் கடைப்பிடித்தார். வேலைக்குப் போவார், வருவார், திரைச்சீலையை இழுத்து விடுவார். சனிக்கிழமைகளில் நான் போனால், சமைத்ததை எனக்குப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் இருப்பார். எனக்குப் பயமாக இருந்தது. அத்தானைப் பறிகொடுத்தாயிற்று, அக்காவையும் பறிகொடுக்கப் போகிறோமோ என்ற பயம்.

துக்கம் காக்க எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால், துக்க வீட்டிலிருந்து ஒருவரைக் கைபிடித்து வெளியே கூட்டி வருவதற்கு யாராவது ஒரு முறை வகுத்து வைத்திருக்கிறார்களா?

அக்காவின் மகள் அனித்தா இங்கே பிறந்தவள், பள்ளி ஆசிரியை. அவள் முறை ஒன்றும் பார்க்கவில்லை. டிக்கெட்டை எடுத்துவிட்டுத்தான் தாய்க்குச் சொன்னாள்.

"சனம் கதைக்கும் பிள்ளை," என்றார் அக்கா.

"மயோர்க்காவிலை எங்கை மம்மா தமிழ்ச் சனம்? ஸ்லாப் ஆவ்."

கொஞ்சம் ஆறுதலாய் இரு என்பதை இந்தப் பிள்ளைகள் நொர்ஸ்க் மொழியில்தான் சொல்வார்கள். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நானும் அதை நம்பிக் கூடப் போனேன்.

முதல் நாள் அக்கா ஓலைக் குடையின் கீழ், கறுப்புச் சுடிதாரோடு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். சுற்றிவர நோர்வேக்காரர்கள் அவித்த இறால் நிறத்தில் புரண்டு கொண்டிருந்தார்கள். அக்காவின் கையில் செபமாலை. இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அனித்தா தன் மஞ்சள் ரீசேட்டை எடுத்து நீட்டினாள். "இதைப் போடுங்கோ மம்மா. கறுப்பு வெயிலை இழுக்கும். மயங்கி விழப்போறீங்கள்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"கொஞ்ச நேரத்துக்குத்தான்," என்று வாங்கிக்கொண்டார்.

கரையோரம் காய்ந்த கடற்புல் பழுப்பாகக் குவிந்து கிடந்தது. அதைத் தாண்டினால் வெள்ளை மணல். அந்தக் குடாவில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்கால்தான். அக்கா குனிந்து தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு நடந்தார். ஒரு சின்ன அலை வந்து காலைத் தட்டியது. அக்கா தொப்பென்று தண்ணீருக்குள் குந்திவிட்டார்.

இருந்தபடியே சிரித்தார்.

அத்தானின் செத்தவீட்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. என் கண் கலங்கிவிட்டது. வெயில் கண்ணாடி போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"றெஜினாவோ?"

பின்னால் ஒரு குரல்... தமிழ்க் குரல்.

பிலோமினா அக்கா. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் இருப்பவர். எங்கள் தமிழ்ப் பூசையில் செபமாலை சொல்லித் தருபவர். ஒஸ்லோவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அந்த வீட்டுக்காரருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கையில் ஐஸ்கிறீமோடு நின்றார். மருமகளோடு வந்திருக்கிறாராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரம் இலையுதிர்கால விடுமுறைக் கிழமை. ஒஸ்லோப் பள்ளிகளெல்லாம் ஒன்றாக மூடும். பாதி ஊர் ஒரே விமானத்தில் தெற்கே பறக்கும். சனத்துக்கு ஒளிக்க வேண்டுமென்று கிளம்பியவர்கள், சனமெல்லாம் கிளம்பும் கிழமையையே தேடிப் பிடித்திருக்கிறோம். படித்த குடும்பம், பாருங்கள்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. மஞ்சள் ரீசேட்டை மறைப்பதுபோல் இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டார். "பிள்ளைதான் அக்கா கூட்டிக்கொண்டு வந்தவள்... ஆண்டுத்திவசத்துக்கு இன்னும்..."

"தெரியும்," என்றார் பிலோமினா அக்கா.

ஐஸ்கிறீமை என் கையில் தந்தார். நடந்து போய், உடுப்போடேயே அக்காவுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இருந்தார்.

"என்ரை மனிசன் செத்து மூண்டு வருசம் நான் ஒரு இடமும் போகேல்லை. ஒருத்தரும் வெளியிலை வா எண்டு சொல்லேல்லை. நல்ல மனுசி எண்டு மட்டும் எல்லாரும் சொல்லிச்சினம். அந்தப் பேரை வைச்சு நான் என்ன செய்ய?"

அக்கா கட்டியிருந்த கையை எடுத்துத் தண்ணீரை அளைந்தார். பிறகு, "அவருக்குக் கடல் எண்டால் சரியான விருப்பம்," என்றார்.

"அப்ப அவரைப் பற்றிக் கதையும். நான் கேக்கிறன்."

கதைத்தார்கள். விரல் நுனி சுருங்கும்வரை கதைத்தார்கள். இடையில் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. துவாயோடு போன அனித்தா திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஐஸ்கிறீம் உருகி என் முழங்கை வரை வழிந்ததை நான் கவனிக்கவே இல்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு படம்கூட யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால், முகத்தில் ஏறிய வெயிலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

அடுத்த ஞாயிறு. வெளியே ஒஸ்லோ மழை. பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. வரிசையில் நின்ற ஒரு பெண் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன றெஜினா, இப்பிடிக் கறுத்துப் போனீர்? எங்கையும் போனனீரோ?"

சுற்றியிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நிலத்தைப் பார்த்தார். நான் அவசரமாக ஒரு பொய்யைத் தேடினேன். தோட்ட வேலை என்று சொல்லலாமா? இந்த மழைக்குள் எந்தத் தோட்டம்?

மேசைக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பிலோமினா அக்கா நிமிரவே இல்லை. "மயோர்க்காவிலை என்னோடை நிண்டவ. கடலிலை குளிச்சனாங்கள். அடுத்த வருசமும் போகப் போறம். உமக்குச் சீனி போடட்டோ?"

கேட்டவர் கோப்பையை நீட்டினார். அக்கா தலையை நிமிர்த்தினார்.

"தண்ணி நல்ல இளஞ்சூடு," என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க.

நான் தேடிக்கொண்டிருந்த பொய்க்கு வேலை இல்லாமல் போனது... போகட்டும்.