கையேட்டாரும் சிவப்புக் கயிறும்

மனித அறிவின் எல்லை முடிகிற இடத்தில்தான் மெய்யான அனுபவம் தொடங்குகிறது. அந்த எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தவர்கள் உலகத்தில் வெகு சிலர். அவர்களில் ஒருவர், தாண்டிய சமயத்தில், ஒரு சரக்கு வேனின் பின்பக்கத்தில் மடித்துப் போட்ட சாக்கின்மேல் உட்கார்ந்து, மதியம் சாப்பிட்டது மேலே வந்துவிடுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இது நடந்தது. இட்டுக்கட்டியது இல்லை. நேரம் உட்பட எல்லாம் அவரே சொன்னது. அவருடைய கைக்கடிகார முள் இருட்டிலும் ஒளிரும். அவர் சொல்லாமல் விட்டதை, வேனை ஓட்டிய மைத்துனன் சொன்னான்.

அவருக்குக் கையேட்டார் என்று பெயர் வைத்தவர்கள் அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்கள்தான். வெள்ளக் காலத்தில் காற்றடைத்த ரப்பர் படகில் போய் ஆட்களை மீட்கத் தன்னார்வலர்களைத் தயார் செய்வது அவர் வேலை. அந்தப் படகின் பின்னால் மாட்டும் சிறிய இன்ஜினை எப்படித் தூக்குவது, எப்படிக் கொண்டுபோவது, எங்கே வைப்பது என்று அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருந்தார். அதில் இன்ஜினின் படம் ஏழு. அவர் படம் ஒன்பது.

அன்று வேனில் கொண்டுபோனது, ஏற்கெனவே ஓர் ஆளைக் கொன்ற இன்ஜின்.

கையேட்டாரிடம் பயிற்சி பெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், இரண்டு மாதத்துக்கு முன் ஏரியில் தனியாகப் படகை ஓட்டிப் பார்த்தார். ஒரு திருப்பத்தில் தண்ணீரில் விழுந்தார். இன்ஜின் நிற்கவில்லை. ஆளில்லாத படகு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. பெட்ரோல் தீர்ந்துதான் நின்றது.

நின்றிருக்க வேண்டும். அதற்காகவே இந்த இன்ஜின்களுக்கு ஒரு சிவப்புச் சுருள் கயிறு உண்டு. ஒரு நுனி ஓட்டுபவரின் மணிக்கட்டில். மறு நுனியில் ஒரு கிளிப்; அது இன்ஜினின் சுவிட்சில். கிளிப் இருந்தால்தான் இன்ஜின் ஓடும். ஆள் விழுந்தால் கயிறு கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு வரும், இன்ஜின் அணைந்துவிடும். மெக்கானிக்கின் மணிக்கட்டில் கயிறு இல்லை.

விசாரணை அதிகாரிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பயிற்சியில் ஆறாவது பாடம் கயிறு. அது நடந்ததா? நடந்தது என்றால் தவறு செத்தவருடையது. வருகைப் பதிவில் 'நடத்தப்பட்டது' என்று எழுதி, கீழே கையேட்டாரின் கையெழுத்து இருந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு, இன்ஜினையும் ஒப்படைத்து, அதையே வாக்குமூலமாகவும் தர வேண்டும்.

முந்தின நாள் மெக்கானிக்கின் மனைவி போன் செய்திருந்தார். அழவில்லை. "பெல்ட்டு மாட்டாம ஏணியில கால் வெக்காத மனுஷன் சார் அவரு. நீங்க சொல்லியிருந்தா மாட்டியிருப்பாரு. சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். சிக்னல் சரியில்லை என்று கையேட்டார் வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மணி 2.15. இன்ஜினை வைத்திருந்த கிடங்கின் பின்வாசல்.

கிடங்குக்காரர் ஒரு தாளை நீட்டினார். "என்னென்ன தர்றோம்னு எழுதியிருக்கு. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

கையேட்டார் கையெழுத்துப் போட்டார். எழுதுவது அவர் வேலை. படிப்பது மற்றவர்கள் வேலை.

"பெட்ரோல்?"

"பொட்டுகூட இல்ல. தண்ணியும் வடிச்சாச்சு. ரெண்டு மாசமா காஞ்சு கெடக்கு."

இருபத்தேழு கிலோ. கிடங்குக்காரரும் மைத்துனனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். "கைப்பிடியப் புடிச்சுத் தூக்காத. உடம்பப் புடி. மோட்டார் இருக்கிற தலை மேல, தண்ணியில எறங்குற கால் கீழ. தலை தாழ்ந்தா கால்ல இருக்கிற தண்ணி தலைக்கு ஏறிடும்" என்றார் கையேட்டார்.

"நீங்களும் ஒரு கை குடுத்தா சீக்கிரம் ஏறிடும் அத்தான்."

"நான் மேற்பார்வை."

வேனுக்குள் மரத் தாங்கியில் இன்ஜினை நிமிர்த்தி வைத்து, பட்டை போட்டு இறுக்கினார்கள். கையேட்டார் தானும் ஏறி, சாக்கை மடித்துப் போட்டார்.

"பின்னாடியா வரப் போறீங்க? முன்னாடி ஏசி இருக்கு."

"பன்னெண்டாம் பக்கம் படிச்சியா? பயணத்துல இன்ஜினுக்குப் பொறுப்பாளர் பக்கத்துலயே இருக்கணும்."

"உங்க புத்தகத்துல நான் படிச்சது அட்டை மட்டும்தான் அத்தான். அதுலயும் உங்க படம்தான் இருந்துச்சு."

பன்னிரண்டாம் பக்கத்தை அதுவரை யாரும் கடைப்பிடித்ததில்லை, எழுதியவர் உட்பட. ஆனால் போய்ச் சேரும்போது விசாரணை அலுவலக வாசலில் அதிகாரி நிற்பார். கதவு திறக்கும்போது இன்ஜினின் அருகில் பொறுப்போடு உட்கார்ந்திருக்கும் தோற்றம் எப்படி இருக்கும் என்று கையேட்டார் யோசித்துப் பார்த்திருந்தார். நன்றாக இருந்தது.

மைத்துனன் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் வெளியே. உள்ளே பிடி கிடையாது. போன் முன்பக்கம் சார்ஜில்.

மணி 2.25. வண்டி கிளம்பியது.

நாலு பக்கமும் தகரம். கதவின் அடியில் மட்டும் ஒரு நூல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. இன்ஜினிலிருந்து தொங்கிய சுருள் கயிறு. கிளிப் சுவிட்சில் இருந்தது. மறு நுனி வளையம் தரையில்.

இது இருக்கட்டும், பார்க்க இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று வளையத்தை எடுத்து வலது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமி வாக்குமூலத்தை ஒத்திகை பார்த்தார்.

"ஆறாவது பாடம் உரிய முறையில் நடத்தப்பட்டது."

டொக்.

மழையா என்று மேலே பார்த்தார். வெளியே நல்ல வெயில். தகரம் சுட்டது.

டொக்... டொக்...

இன்ஜினின் காலிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரலால் தொட்டார். சில்லென்று இருந்தது. முகர்ந்தார். பாசி நாற்றம்.

மணி 2.41. 'இவனுங்க ஒழுங்கா வடிக்கல' என்று கிடங்குக்காரரைத் திட்டினார். திட்டியதும் கொஞ்சம் தெம்பு வந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார்.

2.46. பெட்ரோல் வாடை.

பொட்டுகூட இல்லை என்றான் அந்த ஆள். அடைத்த பெட்டிக்குள் வாடை கனமாக இறங்கியது. கையேட்டார் முன்பக்கத் தகரத்தைத் தட்டினார். மைத்துனன் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான். ஒருமுறை, அதுவும் தாளத்துக்குத்தான், திரும்பத் தட்டினான்.

சொட்டு நின்றது. ஒழுக ஆரம்பித்தது.

தண்ணீர் செருப்பைத் தொட்டது. வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் கதவுப் பக்கம் ஓட வேண்டும். ஓடவில்லை. தாங்கியைச் சுற்றி வட்டமாகப் போனது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

இன்ஜினின் கைப்பிடியை நேராகத்தான் வைத்திருந்தார்கள். இப்போது ஒருபக்கம் முழுக்கத் திரும்பியிருந்தது. படகைச் சுற்ற வைக்கும்போது திருப்புவது போல.

அவர் அதை நேராக்கினார்.

அது மெதுவாகத் திரும்பியது.

2.53. கயிற்றைக் கழற்றினார். கழலவில்லை. வளையம் தளர்வாகத்தான் இருந்தது. கை மட்டும் வெளியே வரவில்லை. சரி, மறு நுனியைக் கழற்றலாம். சின்னப் பிள்ளை இழுத்தால்கூட வந்துவிடும் கிளிப் அது. அப்படித்தான் செய்திருப்பார்கள். காலை ஊன்றி இழுத்தார்.

வரவில்லை.

இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடி அசைந்தது.

மெதுவாக வெளியே வந்தது... ஒரு சாண்... ஒரு முழம்... யாரோ பார்த்துப் பார்த்து இழுப்பது போல. விட்டது. டர்ர்ர்... உள்ளே போனது.

மறுபடி.

டர்ர்ர்...

மூன்றாவது முறை இன்ஜின் பிடித்துக்கொண்டது.

தகரப் பெட்டிக்குள் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. காதுக்குள் இறங்கிப் பல்லில் அதிர்ந்தது. புகை. இருமல். கண் எரிச்சல். அவர் இரண்டு கையாலும் தகரத்தை அறைந்தார். "நிறுத்துடா... நிறுத்து..." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னும் அரைமணி நேரப் பயணம். இந்தப் புகையில் அரைமணி நேரம் யாரும் உயிரோடு இருக்க முடியாது. அது நாற்பத்தெட்டாம் பக்கத்தில் அவரே எழுதியது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

மணிக்கட்டில் சிவப்புக் கயிறு இறுகியது. இன்ஜின் பக்கம் இல்லை. கீழே. தண்ணீருக்குள்.

ஓர் இழுப்பு.

இன்னோர் இழுப்பு.

அப்போது, அத்தனை சத்தத்திலும், காதுக்குப் பக்கத்தில், மரியாதையாக ஒரு குரல்.

"எங்க மாட்டணும் சார்?"

கையேட்டார் இடது கையால் காதைப் பொத்தினார்.

"இத எங்க மாட்டணும் சார்?"

2.59.

"கை..." என்றார். "கையில... மணிக்கட்டுல..."

இழுப்பு நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல.

அவர் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, இருமிக்கொண்டு, எழுத்து வழக்கெல்லாம் மறந்துபோய்ச் சொன்னார். "மொதல்ல கையில மாட்டணும்பா. அப்புறந்தான் ஸ்டார்ட் பண்ணணும். சட்டை மேல மாட்டாத, நழுவிடும். கைப்பிடியில சுத்திக்காத. தனியாப் போனாலும் மாட்டணும். கரைக்குப் பக்கத்துலயே போனாலும் மாட்டணும். வெறும் கிளிப்ப மட்டும் சொருகிட்டு ஓட்டாத... ஓட்டவே ஓட்டாத..."

"அப்புறம் சார்?"

"அப்புறம்... ஒரு தடவ இழுத்துப் பாக்கணும். விழுந்தா எப்படி வரும்னு. இப்படி..."

கையை வெட்டி இழுத்தார்.

டப்.

கிளிப் வந்துவிட்டது.

இன்ஜின் நின்றது.

மணி 3.03. பாடம் நான்கு நிமிடம் பிடித்தது.

3.25க்குக் கதவு திறந்தது. வெளியே அதிகாரி, இரண்டு எழுத்தர்கள், மைத்துனன். உள்ளே புகை இல்லை. தரை காய்ந்து தூசி பறந்தது. இன்ஜின் தாங்கியில் நிமிர்ந்து, கைப்பிடி நேராக, தொட்டால் வெயில் சூடு. கயிற்றைக் காணோம். அவருடைய மணிக்கட்டைச் சுற்றிச் சுருள் சுருளாக ஒரு சிவப்புத் தடம் மட்டும் இருந்தது.

கையேட்டார் மூலையில் ஒண்டியிருந்தார். பேன்ட் முழங்கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மைத்துனன் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "சொல்லியிருந்தா வழியில ஓரமா நிறுத்தியிருப்பேனே அத்தான்" என்றான்.

"இன்ஜின் ஓடுனது கேக்கலியா உனக்கு?"

"எந்த இன்ஜின்? நம்ம வண்டியோடதா?"

உள்ளே போனதும் முதல் கேள்வியை அதிகாரி கேட்கவில்லை, கையேட்டார்தான் கேட்டார். "அந்த இன்ஜின்ல இருந்த கயிறு எங்க போச்சு?"

அதிகாரி கிடங்குத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் கையெழுத்துப் போட்ட தாள். முதன்முறையாகப் படித்தார். இன்ஜின் ஒன்று. மரத் தாங்கி ஒன்று. சுவிட்சில் வெறும் கிளிப் ஒன்று, கயிறு இல்லை.

"கயிறு எங்ககிட்ட இருக்கு" என்றார் அதிகாரி. "பயிற்சி முடிஞ்சதும் ஆளுக்கொண்ணு குடுத்தீங்களாமே. அந்த மெக்கானிக்கோடது, அன்னிக்கு அவர் போட்டிருந்த சட்டைப் பையில இருந்துச்சு. என்னத்துக்குன்னு தெரியாம வெச்சிருந்திருக்காரு போல."

அலமாரியிலிருந்து முத்திரை வைத்த ஒரு கவரை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் உடைத்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை. கடையில் ஒட்டியபடி, ஓரம்கூடப் பிரியாமல் இருந்தது.

உறைக்குள் சிவப்புக் கயிறு நனைந்திருந்தது. கிளிப்பிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, உறையின் மூலையில் நின்றது.

எழுத்தர் ஒருவர் மின்விசிறியை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கும் தெரியாது.

மணி 4.10க்குக் கையேட்டார் வாக்குமூலம் எழுதினார். 'ஆறாவது பாடம் நடத்தப்படவில்லை. வருகைப் பதிவில் உள்ளது பொய். தவறு என்னுடையது.' அன்று மாலையே மெக்கானிக்கின் மனைவிக்குப் போன் செய்து, "நான் சொல்லலம்மா" என்றார். இந்த முறை அவராகப் போனை வைக்கவில்லை. சிக்னல் நன்றாக இருந்தது.

வாக்குமூலத்தில் ஒரு வரி குறைகிறது என்றார் அதிகாரி. பாடத்துக்கு ஒதுக்கிய முக்கால் மணி நேரம் என்ன நடந்தது?

கையேட்டார் பேனாவை மறுபடி எடுத்து அதையும் எழுதினார். அந்த முக்கால் மணி நேரமும் குழுப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பதினோரு படங்களிலும் அவர் கண்ணை மூடியிருந்தார்.