பரீனாவின் காதுப் பொத்தான்

பரீனாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை எங்கள் தெரு கண்டதில்லை. சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், சோதனைச் சாவடியில் பையைத் திறந்து திறந்து காட்டி, காத்தான்குடியிலிருந்து கல்லடிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தவள் அவள். “பொம்புளப் புள்ளைக்கு எதுக்குகா இந்த வில்லங்கம்?” என்று கேட்காத வாய் இல்லை. அவள் வீட்டு முன்னறையில் நெட் கடை போட்டதும், கட்டாரில் இருக்கும் புருஷன்மாரோடு பேச அதே வாய்கள்தான் முண்டியடித்துக்கொண்டு வந்தன. எனக்குச் சிரிப்புத் தாங்காது.

ஒருநாள் ஒருத்தியின் புருஷன் கொஞ்சிய கொஞ்சல் ஹெட்போனுக்குப் போகாமல் ஸ்பீக்கரில் வந்து, கடை முழுக்கக் கேட்டுவிட்டது. பாவம், அவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. பரீனாவுக்கு மனசு பொறுக்கவில்லை. உட்கார்ந்து ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். திரையின் மூலையில் காதுப் படம் போட்ட பொத்தான். அழுத்தினால் சத்தம் ஹெட்போனுக்கு மட்டும் போகும். பக்கத்தில் ஸ்பீக்கருக்கு ஒன்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று. அத்தோடு விட்டாளா? பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொல்லும் நேரங்களில் எல்லாச் சத்தமும் தானாக அடைபட்டு, கொஞ்சம் சென்று தானாகத் திறக்கும்படியும் செய்தாள். இடையில் திறக்க வழியே வைக்கவில்லை. வைத்தால் கேம் விளையாடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

அப்போதுதான் என் தங்கை றமீஸாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளையின் வலக்காதில் வாங்கும், இடக்காதில் தொழுகை தொடங்குமுன் சொல்லும் இகாமத்தும் சொல்வது எங்கள் வழக்கம். முதல் இரண்டுக்கும் சொன்ன எங்கள் வாப்பா மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். இதற்காவது தானே சொல்லவேண்டும் என்று கட்டாரிலிருந்து றமீஸாவின் புருஷன் மஜீட் கெஞ்சியிருந்தான். சண்டையால் கைபேசிகள் வேலை செய்யாத நாட்கள். பரீனாவின் கடையை விட்டால் வேறு வழியில்லை. மஜீடின் உம்மா நபீஸா மாமி முதலில் ஒரேயடியாக மறுத்தார்; பிறகு ஒரு கெடு வைத்தார்.

“பெட்டிக்குள்ளால வாறது வாங்காகா? அந்தி மஃரிபுத் தொழுகைக்குள்ள அவன் செல்லாட்டி நான் பள்ளி லெப்பையக் கூப்பிடுவன்!”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஓட்டோ நேரே கடை வாசலில் நின்றது. மஜீட் வேலைக்கு நடுவே கிடைத்த ஓய்வில் லைனில் காத்திருந்தான். “புள்ளட காதுல வைக்கன், செல்லுங்க” என்று றமீஸா ஹெட்போனைப் பிள்ளையின் வலக்காதில் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் வாங்கு ஒலித்தது. ஹெட்போன் செத்துப்போனது.

“பாத்தியா? நான் சென்னனே!” என்றார் மாமி. றமீஸா அழத் தொடங்கிவிட்டாள். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வாவியில் எறியலாம் போல ஆத்திரம். பரீனா வயர்களைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அல்லாஹ்வே! லைன் நல்லாத்தான் இரிக்கி. நான் எழுதின பேய் வேலைதான் அடைச்சிக்கிட்டு இரிக்கி!”

வாங்குக்குச் செய்த மரியாதை ஒரு வாப்பாவின் வாங்கை அடைத்துவிட்டது. பள்ளியில் சொல்லி முடிந்தும் பூட்டுத் திறக்கவில்லை. மஜீடின் ஓய்வோ முடியப்போகிறது. பரீனா சட்டென்று கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திறந்து, பூட்டுத் திறக்கும் நேரத்தைத் தாண்டும்படி முன்னுக்குத் தள்ளிவிட்டாள். ஹெட்போனில் மஜீடின் குரல் வந்தது.

“றமீஸா! கேக்குதா? றமீஸா!”

“கேக்குது மஜீட் காக்கா! மறுகா முதல்ல இரிந்து செல்லுங்க!” என்று கத்திய பரீனா, றமீஸாவைப் பார்த்தாள். “ஸ்பீக்கர்லயும் போடட்டா புள்ள?”

றமீஸா தலையாட்டினாள். எவளுடைய புருஷனின் குரலையும் வெளியே விடாத பரீனா, அன்று இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள். மஜீடின் வாங்கு கடை முழுக்க நிறைந்தது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டோம். வாசலைப் பார்த்து நின்ற மாமியும் மெல்லத் திரும்பி முந்தானையைத் தலையில் போட்டார். மகனின் குரலைக் கேட்டே மாதக்கணக்காகிவிட்டது அவருக்கு. அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவருடைய உதடும் கூடவே அசைந்தது.

“உம்மா... அங்க இரிக்கீங்களா?”

மாமி றமீஸாவின் கையிலிருந்து ஹெட்போனை வாங்கினார். பிள்ளையைத் தானே மெல்லத் திருப்பிப் பிடித்தார்.

“இரிக்கன் வாப்பா. இடக்காதுல வச்சிருக்கன். இகாமத்தையும் செல்லு.”