கூடலூர்க் கிணற்றில் மாடு, வயலில் கிரேன்

கிரேன் ஓட்டுகிறவனுக்குப் பாரத்தைவிடத் தரைதான் பெரிய கவலை என்பது, என்னைப் போல் இத்தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ரப்பர் டயர் கிரேன் ஒன்றைக் குமுளி மலைப்பாதைக் காண்டிராக்டர் வாங்கினார். காடு மேடு எங்கும் போகும் என்று சொல்லி என்னையும் அதோடு அனுப்பினார்.

சமதளம்

பாலத்துக்குக் கல் தூக்க வேண்டும். சாய்வில் நின்று தூக்கினால் வண்டி குடைசாயும். நாலு கட்டில் போடுகிற அளவுக்குச் சமமான தரை கேட்டேன். மேஸ்திரி காலையெல்லாம் என்னை மலையில் ஏற்றி இறக்கினார். எனக்குத் திசையே தப்பிவிட்டது. கடைசியில் ஒரு பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "சமமான எடம் வேணும்னா கீழ கம்பம் ஊருலயே நின்னுருக்கலாமே, இங்கன எதுக்கு வந்தீக?"

முதலில் எது?

அந்த வாரமே கூடலூர் விவசாயி சுருளியப்பன் ஓடிவந்தார். அவருடைய உழவு மாடு கிணற்றில் விழுந்து கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறதாம். கட்டி இழுத்த கயிறும் அறுந்துவிட்டதாம். அவருக்கு இருப்பதே ஒரு ஜோடி. பொழுது சாய்வதற்குள் எடுக்காவிட்டால் விறைத்துச் செத்துவிடும்.

காண்டிராக்டரைக் கேட்காமலே வண்டியை வயலில் இறக்கினேன். முதல் நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிணற்றுக்குப் பத்தடி முன்னால் நாலு டயரும் அச்சுவரை புதைந்தன. உள்ளே மாடு கத்தியது, வெளியே வண்டி உறுமியது. யாரை யார் காப்பாற்றுவது என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சுருளியப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இப்ப மொதல்ல எதைத் தூக்குறது?"

முன்னாலா, பின்னாலா?

ஊரார் எட்டு ஜோடி மாடுகளைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பக்கம் பூட்டுவது என்று கேட்டார்கள். பின்னால் இழுத்தால் வண்டி ரோட்டுக்கு வரும். என் வேலை தப்பும். முன்னால் இழுத்தால் கிணறு எட்டும். கரை இடிந்தால் வண்டியோடு நானும் உள்ளே. கிணற்றில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பயந்துகொண்டேதான் முன்னால் கையைக் காட்டினேன்.

வண்டி எட்டடி நகர்ந்து கெட்டியான கரையோரம் நின்றது. இரண்டு பேர் கிணற்றில் இறங்கி மாட்டின் வயிற்றில் சாக்குகளைச் சுற்றிக் கட்டினார்கள். மெல்லத் தூக்கிக் கரையில் விட்டேன். மாடு நடுங்கிக்கொண்டு நின்றது. சுருளியப்பன் தன் துண்டால் மாட்டைத் துடைத்தார். அதே துண்டால் கிரேனின் முகத்தில் அப்பியிருந்த சேற்றையும் துடைத்தார். வண்டியை வெளியே எடுக்க நான் மறுபடி ஏறப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்: "ரெண்டும் ரொம்பப் பயந்துபோச்சு அண்ணே, இன்னைக்கு ஒண்ணையும் வேலை வாங்காதீக."

மாட்டைத் தூக்கப் போன வண்டியை மாடுகள் ஏன் இழுத்தன என்று காண்டிராக்டருக்கு எத்தனையோ முறை விளக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் பாதியில் எனக்கே குழம்பிவிட்டது.