சம்பந்தியம்மா போனில் என்ன நிறம்?

தூத்துக்குடியில் நாங்கள் முகூர்த்தப் புடவை எடுத்த கடையில் ஒரு போட்டோக்காரர் இருந்தார். ஒல்லியானவர். உடுப்பெல்லாம் சாம்பல் நிறம். கலர்ச் சட்டை போட்டால் அதன் சாயல் புடவைமேல் விழுமாம். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், வந்தவர் கையிலுள்ள போனைத்தான் பார்ப்பார்.

மகள் விரும்பியது அரக்குப் புடவை. துபாயிலிருந்த சம்பந்தியம்மா கடையின் வெப்சைட்டில் படம் பார்த்துவிட்டு, "செங்கல் மாதிரில்லா இருக்கு, வேண்டாம்" என்றுவிட்டார். மகள் சாப்பிட மறுத்தாள். நான் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துக் கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, கேமராவுல நிறம் அண்டா மாதிரி பெரிய ஏனத்துல கெடக்கு. வெப்சைட்டுக்கு எஸ்ஆர்ஜிபின்னு சின்ன ஏனம், அம்புட்டு நிறம் கொள்ளாது. மாத்தாம அப்படியே ஏத்திட்டேன், வெளிறிட்டு" என்றார் போட்டோக்காரர்.

மாற்றினார். அவர் திரையில் அரக்கு வந்தது. என் போனில் அதே படம் குங்குமமாக இருந்தது.

"இதுல எதுவே நெசம்?"

"அது கெடக்கட்டும். அந்தம்மா என்ன போன் வச்சிருக்காவ?"

ஜாதகம் முதல் சர்க்கரை வியாதிவரை விசாரித்த நான் அதை விசாரித்திருக்கவில்லை.

மாற்றிய படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் "நல்லாருக்கு" என்று சம்பந்தியம்மாவிடமிருந்து பதில் வந்தது. எந்த நிறம் நல்லாருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

கல்யாணத்துக்கும் போட்டோக்காரர் சாம்பல் சட்டையில்தான் வந்தார். சம்பந்தியம்மாவின் போனை வாங்கி, அந்தப் படத்தை மணமேடைப் புடவையோடு ஒத்துப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என்னவே?" என்றேன்.

"பந்தி எந்தப் பக்கம், அண்ணாச்சி?"

இப்போதும் மகள் அந்தப் புடவையைக் கட்டினால், நான் சம்பந்தியம்மாவின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.