குழந்தை மாதிரியே பேசுவேன்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து ஊருக்கு வானொலி நிலையம் வந்தது. கடலூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு, அதில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தும் வேலை கிடைத்தது. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய்ப் பதிவு செய்துவிட்டு வருவேன். ஞாயிறு காலையில் ஒலிபரப்பாகும். வாரத்தில் ஒருநாள் வேலைதான். ஆனால் காய் வாங்கப் போனால்கூட, "ரேடியோ அக்கா வர்றாங்கடி" என்று பிள்ளைகள் பின்னாலேயே வரும். தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? நன்றாகவே ஏறியது. "ரேடியோ அக்காவுக்கு இன்னிக்கி சோறு வடிக்க நேரம் இருக்குமா?" என்று என் கணவர் கேலி செய்வார்.

ஒரு சனிக்கிழமை, சிதம்பரத்திலிருந்து ஒரு பெண் தன் மகளை அழைத்து வந்திருந்தார். ஏழு வயதுக் குழந்தை. பாடத்தான் வந்தாள். மைக்கைப் பார்த்ததும் பாட்டு மறந்துபோயிற்று. "பரவாயில்ல, ஏதாச்சும் பேசு" என்றேன். கிட்டே போய், "வாப்பா, எப்ப வருவீங்க? நான் ரெண்டாங்கிளாஸ் வந்துட்டேன்" என்றாள். அவள் அப்பா பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது கப்பல் ஏறியவர், அதன்பிறகு ஊர்ப்பக்கம் வரவே இல்லை. நம் ரேடியோ அவ்வளவு தூரம் கேட்காது என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் அந்த அப்பா என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். குழந்தை காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாளாம். தந்தி கிடைத்து அவர் கப்பல் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

"அவ ரேடியோல பேசுனாளாமே டீச்சர். அவ பேசி நான் கேட்டதே இல்ல. ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டச் சொல்லுங்க. அல்லா ஒங்கள நல்லா வைப்பான்."

"பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை நிலையத்தில் கேட்டதற்கு, ஒலிப்பதிவு செய்பவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அங்கே டேப்புக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஒலிபரப்பு முடிந்ததும் அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வோம், பழையது அழிந்துவிடும். எனக்குத் தெரியாத விஷயமா அது? அவள் பேசிய இடத்தில் அடுத்த வாரமே நான் நரிக்கதை சொல்லியிருக்கிறேன். தெரிந்திருந்தும், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தைரியமில்லாமல், பெற்றவருக்கு ஆசை காட்டி அனுப்பியிருந்தேன். அதற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கடிதம் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். கேவலமாக இருந்தது. மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால், மகளுக்கென்று பினாங்கிலிருந்து வாங்கிவந்த டிரான்சிஸ்டர். குரல் அதில்தான் வரும் என்று நினைத்துத் துடைத்து வைத்திருந்தார் போலிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். அவர் டிரான்சிஸ்டரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"என்ன பேசுனான்னாச்சும் சொல்லுங்க."

சொன்னேன்.

"அவ சொன்னமாரியே சொல்லிக் காட்டுங்க டீச்சர்."

முடியாது என்று எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அது கைவந்த வேலை. பதிவுக்கு வரும் பிள்ளைகள் குறைந்தால் நானே குழந்தை மாதிரிப் பேசி ஒப்பேற்றுவேன், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசினேன்.

"வாப்பா, எப்ப வருவீங்க? நான் ரெண்டாங்கிளாஸ் வந்துட்டேன்."

"வந்துட்டேன்மா, வந்துட்டேன்" என்று அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். அறை முழுக்க ஒருமுறை தேடினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"இது அவ கொரல் இல்ல மச்சான்," என்றார். "அவ இப்புடிக் கொஞ்சிப் பேச மாட்டா. கட்டக்கொரலு அவளுக்கு. இவுங்க ரேடியோவுக்குப் பேசுறாங்க."

உண்மைதான். அவள் குரல் கரகரவென்று இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரேடியோவில் குழந்தை என்றால் கேட்பவர்கள் எதிர்பார்க்கும் குரல் ஒன்று உண்டு. அதைத்தான் எடுத்துவிட்டிருந்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"இருக்கட்டும் புள்ள. நீ ஏழு வருசம் கேட்டுட்ட. எனக்கு இது ஒண்ணுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்."

அந்தத் தாய் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு தடவை சொன்னேன். இந்தமுறை குரலைக் கட்டையாக்கிப் பேசப் பார்த்தேன். வரவில்லை.