வயர் இல்லாத ஃப்ரிட்ஜ்

காரிமங்கலம் சந்தைத் திடலுக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கொட்டகையில் பாக்கியமேரி ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்தாள். டி.வி. அந்தப் பக்கம் வந்த புதிது. வயல்களில் மோட்டார் ஓடத் தொடங்கினால் வீடுகளில் குண்டு பல்பு சிவந்து மங்கும். மோட்டார் நின்றால் கண் கூசும். ஸ்டெபிலைசர் இல்லாமல் டி.வி. போட்டவர்கள் சீக்கிரமே அதை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் செம்புக் கம்பியில் காயில் சுற்றப் பழகியவள், கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாகத் தொடங்கி, நாலு பெண்களை வேலைக்கு வைத்திருந்தாள். அரூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை கடைகளில் ‘மேரி பெட்டி’ என்று பேர் சொல்லிக் கேட்டார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவன் தீர்த்தகிரி. பாலக்கோட்டுப் பக்கத்து ஆள். பெங்களூரில் ஒரு பெரிய டி.வி. கம்பெனிக்கு வேலை செய்தான்.

“நாங்க டி.வி.யோட சரிங்கக்கா. ஸ்டெபிலைசர் பக்கமே வரமாட்டோம். அது உங்க தொழில், நீங்களே வெச்சிக்கங்க” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அடுத்து ஃப்ரிட்ஜ் வுடறோம். அதுக்குப் பெரிய ஸ்டெபிலைசர் வேணும். இந்த ஜில்லா முழுசுக்கும் நீங்கதான் செஞ்சி குடுக்கணும். வெளிய சொல்லாதீங்க.”

ராத்திரி சோறு போடும்போது சொன்னாள். லாரி டிரைவரான கணவன் மதலைமுத்து சாப்பிடுவதை நிறுத்தினான்.

“அத்தாம் பெரிய கம்பெனி நம்மள எதுக்கு தேடி வருது?”

“நம்ம வேல சுத்தம், அதான் வருது. நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதே.”

தர்மபுரியில் ஒரு ஓட்டல் மாடியில் கம்பெனி கூட்டம் போட்டது. மேடையில் ரிப்பன் கட்டிய வெள்ளை ஃப்ரிட்ஜ் நின்றது. கடைக்காரர்கள் தூர நின்று பார்த்தார்கள். பாக்கியமேரி மட்டும் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். கரண்ட் வயர் இல்லை. வயர் போக ஓட்டைகூட இல்லை. மாதிரிக்கு வைத்திருப்பார்கள், வயரெல்லாம் பிறகு போடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கையிலிருந்த பணத்தை எல்லாம் தடித்த செம்புக் கம்பியாகவும் பெரிய தகடுகளாகவும் மாற்றினாள். தீபாவளிக்கு டி.வி. ஸ்டெபிலைசர் கேட்டு வந்த கடைக்காரர்களிடம், “இந்த வாட்டி முடியாதுங்க, வேற பெரிய வேல இருக்கு” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். கொட்டகை முழுக்கப் பெரிய பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறின. தீர்த்தகிரி இரண்டு தடவை வந்து, தட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மதலைமுத்து பெங்களூரிலிருந்து லோடு ஏற்றி வந்தான். தர்மபுரியில் பாதி இறக்கிவிட்டு, மீதியோடு தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போக வேண்டும். நடுவில் வீட்டுக்குள் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மேரி, நான் ஏத்தி வந்தது அந்தக் கம்பெனி டி.வி.தான். ஒவ்வொரு டி.வி.யோடயும் இன்னொரு பொட்டி கட்டியிருக்கு. ஸ்டெபிலைசர். இனாமாம்.”

வெளியே லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் கடை கடையாக ஏறி இறங்கினாள். “ஓசியில குடுக்கறப்ப உன்னுத யாரும்மா வாங்குவாங்க?” என்றார் வழக்கமாக வாங்கும் கடைக்காரர். வேறு ஸ்டெபிலைசர் மாட்டினால் டி.வி.க்கு கேரண்டி கிடையாது என்றும் கம்பெனி சொல்லிவிட்டதாம். ஃப்ரிட்ஜ் பற்றிக் கேட்டாள். “எந்த ஃப்ரிட்ஜ்?” என்றார் அவர்.

மறு ஆடிக்குள் கொட்டகையை மூடினாள். நாலு பெண்களும் செங்கல் சூளைக்குப் போனார்கள். சேலத்திலும் ஈரோட்டிலும் ஸ்டெபிலைசர் செய்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அதன் பிறகு இனாமும் நின்றது. ‘மேரி பெட்டி’ விற்ற விலையைப்போல் இரண்டு மடங்கு வைத்துக் கம்பெனி அதே பெட்டியைத் தனியாக விற்றது. வாங்க வேறு பெட்டி இல்லை.

தீர்த்தகிரி மறுபடி வந்தான். கம்பெனியின் தர்மபுரி சர்வீஸ் சென்டரில் வேலை இருக்கிறது என்றான்.

“என்னை மட்டும் ஏன் ஏமாத்துனீங்க?”

“உங்கள மட்டும்னு யாரு சொன்னாங்க? சேலம், ஈரோடுன்னு எல்லா ஊருக்கும் அந்த ஒரே ஃப்ரிட்ஜ்தான் வேன்ல போச்சு. மனசுல வெச்சிக்காதீங்கக்கா.”

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. போனாள்.

ஒரு நாள் அவளை ஜீப்பில் ஏற்றி இண்டூருக்குக் கூட்டிப் போனான். அங்கே பச்சியப்பன் என்பவர், டி.வி.யில் படம் புள்ளியில்லாமல் தெரிய மாட்டும் ஆன்டெனா பூஸ்டர் செய்து நன்றாக விற்றுக்கொண்டிருந்தார். “நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்” என்று வழியில் சொன்னான்.

பச்சியப்பனிடம் அவன் பேசிய பேச்சு அவளுக்கு மனப்பாடம். பூஸ்டர் பக்கமே வரமாட்டோம். அடுத்து வேறு ஒன்று விடப்போகிறோம். வெளியே சொல்லாதீர்கள்.

பாக்கியமேரி எழுந்து நின்றாள். “நம்பாதீங்கண்ணா. இதையே சொல்லித்தான் என் தொழில முடிச்சாங்க. அவங்க பூஸ்டர் ஏற்கனவே பெங்களூர்ல தயாரா இருக்கும்.”

பச்சியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இவங்ககிட்டயே சம்பளம் வாங்கறீங்க, இவங்களையே வேணாங்கறீங்க. இந்த வேல எனக்கு வந்துடக் கூடாதுன்னு யாரு சொல்லி அனுப்பினாங்க?” தீர்த்தகிரி பக்கம் திரும்பினார். “எப்ப ஆரம்பிக்கலாம் சொல்லுங்க.”

திரும்பும்போது அவன் கோபப்படவில்லை. பாட்டு முணுமுணுத்தபடி ஜீப்பை ஓட்டினான்.

“ரெண்டு மாசமா பிடி குடுக்காத ஆளு. நீங்க வேணாம்னதும், இதுல பெரிய லாபம் இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு பாத்தீங்களா? நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும்ங்கக்கா. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்.”

ஜீப்பை நிறுத்தச் சொல்லி அவள் நடுரோட்டிலேயே இறங்கிக்கொண்டாள். சர்வீஸ் சென்டர் பக்கம் அதன் பிறகு போகவில்லை. பொங்கலுக்குள் பச்சியப்பன் பட்டறை பூட்டிக் கிடந்ததை மதலைமுத்துதான் வந்து சொன்னான்.

அவள் பழையபடி ஓசூருக்குக் காயில் சுற்றப் போனாள். சேர்ந்து கொஞ்ச நாளில் மேனேஜர் எல்லோரையும் கூட்டி, இந்த யூனிட்டை மூடும் எண்ணமே இல்லை, கண்டதை நம்பாதீர்கள் என்று சிரித்த முகமாகப் பேசினார். பெண்கள் கைதட்டினார்கள்.

“என்ன மேரி, நீ மட்டும் தட்டல?” என்றாள் பக்கத்து மெஷின் ராணியம்மாள்.

“வேற எடம் பாக்க ஆரம்பி” என்றாள் பாக்கியமேரி.

ராணியம்மாள் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாகத் தட்டினாள்.