கோச்சை மாற்றலாமா?

பந்து வலைக்குள் போனதும் எழுந்து நின்று கைதட்டினேன். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியது எனக்குத் தெரியாது. அந்த வலைக்கு முன்னால் கோல்கீப்பராக நின்றது என் மகன்.

ஆலங்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில், என் மகனின் கல்லூரி அணியில் ஆடும் இன்னொரு பையனின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தொடர்ந்து தோக்குறோம். கோச்சை மாத்தணும்ங்க. நாளைக்கு பிரின்சிபாலைப் பாக்கப் போறோம், நீங்களும் வாங்க."

"நல்ல மனுசன்ங்க அவரு."

"நல்ல மனுசனை வச்சு என்னங்க செய்ய? செயிக்கணும்ல?"

சன்னலைத் திறந்தேன், மூடினேன். திருவரங்குளம் தாண்டியதும், "வாரேங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. நாளைக்குப் போகவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

பஸ்ஸில் அவரிடம் நான் சொல்லாதது இதுதான்: என் மகனைக் கோல்கீப்பராக நிறுத்த, இந்தக் கோச்சை விட்டால் வேறு ஆள் கிடையாது.